14 வேலை, 9 நாள் லீவு, ஒரு ஹார்டுவேர் கடை

திருச்சி உறையூரில் வெக்காளியம்மன் கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை இருக்கிறது. பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்மா, கூட்டம் வந்தா எனக்குப் பேச நேரம் இருக்காது" என்று கடைக்காரர் பாய் சொல்லிவிட்டார். அதனால் இது பெயர் இல்லாத விமர்சனம். அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு எந்தக் கடை என்று இந்தப் பத்தியிலேயே தெரிந்துவிடும். வாசலில் பிவிசி பைப் சாத்தி வைத்து, உள்ளே ஒரு ஆள் மட்டும் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, மேலே உத்தரத்திலிருந்து பக்கெட், சல்லடை, எலிப்பொறி எல்லாம் தொங்கவிட்டிருக்கும் கடை. என் மதிப்பெண் 5க்கு 4. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் லீவு கணக்கு. 2025 பொங்கலுக்கு எங்களை மாதிரி அரசு அலுவலக ஆட்களுக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. 14, 15, 16 எப்படியும் விடுமுறை, 17 வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் (அதற்குப் பதில் 25ஆம் தேதி சனிக்கிழமை வேலை, அதை அப்போது யார் நினைத்தார்கள்). 13 போகி அன்றைக்கு ஒரே ஒரு சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டால் 11 சனியிலிருந்து 19 ஞாயிறு வரை 9 நாள். அறிவிப்பு வந்த உடனேயே நான் அந்த சி.எல்.லை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இந்த 9 நாளில் என்ன செய்யப் போகிறேன் என்று ஆபீசில் கேட்டவர்களிடம் "தூங்கப் போறேன்" என்றுதான் சொன்னேன். வீட்டில் வேறு மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, இரண்டு வருடமாக. ஒழுகும் சமையலறைக் குழாய், சுற்றாமல் முனகும் ஃபேன், தொங்கும் அலமாரிக் கதவு, படுக்கையறைச் சுவரில் பெயர்ந்து வரும் பெயின்ட், சாத்த முடியாத பாத்ரூம் கதவு, கிறீச்சிடும் கேட், பரணில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத சாமான்கள், இப்படி 14 வரி. ஒவ்வொரு லீவுக்கு முன்னாலும் என் வீட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்து "இந்தத் தடவை முடிச்சுடலாம்" என்பார். லீவு முடிந்ததும் ஒரு வரி கூடியிருக்கும்.

அதற்கு முந்தின ஆயுத பூஜைக்குக் கிடைத்த 3 நாளை நான் எப்படித் தொலைத்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடையை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறேன் என்று புரியாது. குழாய் ரிப்பேருக்கு போனில் ஒரு ஆப் வழியாக ஆள் கூப்பிட்டோம், ஆப் எது என்பது இங்கே முக்கியமில்லை. காலை 9லிருந்து 11க்குள் வருவதாகச் சொன்னார்கள். 9 மணிக்கு முன்னாலேயே குளித்துத் தயாராகி, கடைக்குப் போகாமல், தூங்காமல், யாராவது பெல் அடிக்கிறார்களா என்று காதை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது மூன்றரைக்கு. வந்தவர் குழாயைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "ஃபுல் செட் மாத்தணும் மேடம், 1,800 ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்து பார்த்ததற்கான காசை மட்டும் கொடுத்து அனுப்பினேன். அந்த நாள் முழுக்கப் போச்சு. வேலையும் நடக்கவில்லை, ஓய்வும் இல்லை. லீவு நாளில் வேலை செய்வதைவிட, வேலைக்கு ஆள் வருவார் என்று காத்திருப்பதில்தான் உடம்பு அசந்துபோகிறது.

சரி, கடைக்கு வருகிறேன். 11ஆம் தேதி சனிக்கிழமை காலை, முந்தின நாள் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் போய்வந்த கால்வலியோடு, அந்தத் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனேன். முதல் நல்ல விஷயம், "சார் வரலையா?" என்று பாய் கேட்கவில்லை. ஹார்டுவேர் கடைக்குத் தனியாகப் போகிற பெண்களுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. "வாங்கம்மா, என்ன லிஸ்டு பெருசா இருக்கு" என்றார்.

முதல் வரி குழாய். "வாஷர் கொடுங்க பாய்" என்றேன். எடுத்துத் தரவில்லை, கேள்வி கேட்டார்.

"திருகுனா எத்தனை சுத்து சுத்துது? கால் சுத்துல நின்னுடுதா, இல்ல மூணு நாலு சுத்து போகுதா?"

"நாலு சுத்து போகும். இப்ப எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுது."

"அப்ப வாஷர்தான். கால் சுத்துன்னா உள்ள ரப்பர் வாஷர் கிடையாது, செராமிக் தட்டு வெச்ச கார்ட்ரிஜ், அதை அப்படியே மாத்தணும். பழசு கொண்டு வந்தீங்களா?"

கொண்டு போகவில்லை. அவர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். எதிரில் நிற்கும் வாடிக்கையாளரிடம் காசு வாங்காமல் வீட்டுக்கு அனுப்புகிற கடையை அன்றைக்குத்தான் பார்த்தேன். போகும்போது எப்படிக் கழட்டுவது என்றும் சொல்லிக் கொடுத்தார். மேலே டேங்கிலிருந்து வரும் கேட் வால்வை மூடு, குழாயைத் திறந்து பைப்பில் மிச்சம் இருக்கும் தண்ணீரை விடு, தொட்டியில் ஒரு துணியைப் போட்டு அடை, இல்லாவிட்டால் திருகாணி ஓட்டைக்குள் போய்விடும். இந்தத் துணி விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது.

வீட்டுக்கு வந்து பையன் டார்ச் பிடிக்க, ஸ்பேனரை வைத்துத் திருகினேன். குழாயின் திருகுத் தண்டான ஸ்பிண்டில் கழன்று வந்தது. அடியில் கறுப்பாக ஒரு வட்டம், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கல்லு மாதிரி இறுகிப்போய், நடுவில் வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இவ்வளவு நாளாக இறுக்கி இறுக்கி மூடினோமே, அந்த இறுக்கம் முழுக்க அந்தப் பள்ளத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அதே அளவில் ஒன்று எடுத்துக் கொடுத்தார், 5 ரூபாய். "இன்னொண்ணும் கொடுங்க, ஸ்டாக்குக்கு" என்றேன், கொடுத்தார். "டெஃப்லான் டேப்பும் கொடுங்க" என்றேன், கொடுக்கவில்லை. "சுவத்துல இருந்து குழாயையா கழட்டப் போறீங்க? ஸ்பிண்டிலுக்கு எதுக்கும்மா அது" என்று சொல்லிவிட்டார். 1,800 ரூபாய் வேலை 10 ரூபாயில் முடிந்தது, அதிலும் 5 ரூபாய் இன்னும் டப்பாவில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மறுபடி போனேன், இந்தத் தடவை தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன். காதில் இருந்த பேனாவை எடுத்து அவர் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு எழுத்துப் போட்டார். 'நீ' என்றால் நீங்களே செய்யுங்கள், 'ஆ' என்றால் ஆளைக் கூப்பிடுங்கள், 'வெ' என்றால் வெயில் வரட்டும். நான்காவதாக ஒரு வகை இருந்தது, அதற்கு எழுத்தே கிடையாது, அப்படியே கோடு போட்டு அடித்துவிட்டார். "ஷோகேஸ்க்கு உள்ள லைட்டு" என்று என் வீட்டுக்காரர் ஆசையாக எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, "இது வேலையே இல்ல" என்றார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு இந்தக் கடையில் பிடித்தது இதுதான். 9 நாள் லீவு என்றால் 14 வேலையையும் 9 நாளுக்குப் பங்கு போட்டு, ஒரு நாளைக்கு ஒன்றரை என்று திட்டம் போடுகிற ஆட்கள் நாங்கள். அவர் கண்ணில் அந்த 14 வரியும் ஒரே சைஸ் கிடையாது. கேட் சத்தம் இரண்டு நிமிஷ வேலை, கீலில் நாலு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான், அதைத்தான் இரண்டு வருடமாகத் தாளில் எழுதி வைத்துப் பயந்துகொண்டிருந்தோம். சுவர்ப் பெயின்ட் பார்க்கச் சின்ன வேலை மாதிரி இருக்கிறது, இறங்கினால் மூன்று மாதம் இழுக்கும்.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் வீட்டில் சண்டையே. "பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடா" என்று அத்தைக்கு வருத்தம். நானும் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி அந்த இடத்தை மட்டும் பூசிவிடலாம் என்றுதான் இருந்தேன். பாய் பெயின்ட் கொடுக்கவில்லை. "ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் குடிச்ச தண்ணி சுவத்துக்குள்ள இருக்கும்மா. இப்ப மேல பூசுனா அது வெளிய வர வழியில்லாம கொப்புளம் கொப்புளமா தூக்கிடும். பங்குனி வெயில்ல காயட்டும், அப்புறம் வெளிப்பக்கம் சன்ஷேடுல எங்க வெடிப்பு இருக்குன்னு பாத்து முதல்ல அதை அடைங்க, உள்பக்கம் கடைசி." சந்தேகம் இருந்தால் ஒரு பாலிதீன் கவரைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள் என்றார். ஒட்டினேன். மறுநாள் கவருக்கு உள்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுவருக்கு வேர்க்குதுடி" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. மற்ற மூன்று சுவருக்கு மட்டும் வெள்ளையடித்துக்கொண்டோம். ஈரச் சுவரை மறைக்கிறேன் என்று பீரோவைத் தள்ளி வைத்துவிடாதீர்கள், காற்றுப் போகட்டும் என்றும் பாய் சொல்லியிருந்தார், அதைத்தான் அத்தை முதலில் செய்யப் பார்த்தார்கள்.

(இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் வெக்காளியம்மன் இருக்கிறாள். ஊரில் எல்லாருக்கும் கூரை கிடைக்கும்வரை தனக்குக் கூரை வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கிறவள். கூரை இருப்பதும் ஒரு தலைவலிதான் தாயே என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.)

பாத்ரூம் கதவும் அதே கதை, அதற்கும் 'வெ'. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது, இப்போது இழைப்புளி போட்டுச் சீவினால் சித்திரையில் சுருங்கி இடைவெளி விழும், அப்புறம் அதை எதை வைத்து அடைப்பது. அதுவரைக்கும் உரசுகிற ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டிய கதவு இப்போது கையால் தள்ளினால் மூடுகிறது.

அலமாரிக் கதவுக்குக் கீல் வாங்கப் போனேன், அதையும் விற்கவில்லை. ஆணி ஓட்டை பெரிதாகித்தான் திருகு நிற்காமல் ஆடுகிறது, கீல் நன்றாகத்தான் இருக்கிறது என்று போட்டோவைப் பார்த்தே சொல்லிவிட்டார். ஓட்டைக்குள் ஃபெவிகால் விட்டு, மருந்து நீக்கிய தீக்குச்சி இரண்டு மூன்றைத் திணித்து, காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு அதே திருகை முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. ஷவரில் தண்ணீர் நூல் நூலாக வந்ததற்கும் இப்படித்தான், போர் தண்ணீரின் உப்பு அடைத்திருக்கிறது, தலைப்பகுதியைக் கழட்டி ராத்திரி வினிகரில் ஊறப்போடுங்கள் என்றார். வினிகர் அவர் கடையில் கிடையாது.

போகி அன்றைக்குப் பரண். அது பாய்க்குச் சம்பந்தமில்லாத வேலை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆறு மூட்டை இறக்கினோம், நாலு பழைய பேப்பர் கடைக்குப் போனது, ஒன்று அத்தை அழுததால் மறுபடி மேலே போனது, ஒன்று இன்னும் வராண்டாவில் இருக்கிறது. எதையும் கொளுத்தவில்லை, ஒவ்வொரு வருடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனாலும் எங்கள் தெருவில் விடிகாலையில் ரப்பர் வாசனைதான்.

பொங்கல் அன்றைக்குத்தான் இந்தக் கடையின் உண்மையான மதிப்பு தெரிந்தது. விடிகாலை நாலரைக்கு எழுந்து, வாசலை அடைக்கிற மாதிரி ஒரு பெரிய கோலம், நடுவில் பானை, சுற்றி நாலு கரும்பு, ஒன்றரை மணி நேரம் முதுகு ஒடிய போட்டு, நிமிர்ந்து பார்த்தால் எனக்கே பிடித்துப்போன கோலம். பத்தே முக்காலுக்குப் பையன் கத்தினான். வெளியே வந்து பார்த்தால் சம்ப் நிரம்பி, மூடிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து, கோலத்தின் இடப்பக்கக் கரும்பு இரண்டும் கலர் கலந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரம், சம்புக்குள் ஃப்ளோட் வால்வு நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் வெளியே மீட்டர் பக்கத்து வால்வை மூடினார். மூடியைத் திறந்து பார்த்தால், மேலே மிதக்க வேண்டிய பந்து பாதி முங்கிக் கிடந்தது. கழட்டி எடுத்து ஆட்டினால் உள்ளே களக் களக் என்று தண்ணீர், இளநீரை ஆட்டின மாதிரி. பந்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல், அது வழியாகத் தண்ணீர் புகுந்து கனத்துப்போய், தண்ணீர் ஏறினாலும் பந்து ஏறவில்லை, பந்து ஏறாமல் வால்வு எப்படி மூடும். தைப்பொங்கல் அன்றைக்குத் திருச்சியில் எந்தக் கடை திறந்திருக்கும்? பாய் கடை திறந்திருந்தது. பந்தை நீட்டியதும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். வால்வு முழுசாக வாங்கத்தான் நான் போனேன். "வால்வு நல்லாத்தான் இருக்கும், பந்து மட்டும் மாத்துங்க" என்று, கம்பியின் மரை சரியாகச் சேருகிறதா என்று திருகிப் பார்த்து ஒரு பந்தைக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சாயங்காலம் பையனிடம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன். முந்திரி குறைவாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாராம்.

மாட்டுப் பொங்கலுக்கு எந்த வேலையும் இல்லை. வேண்டுமென்றே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் கோரைப்பாயை விரித்து, ஃபேன் முனகினால் முனகட்டும் என்று படுத்தேன், எழுந்தபோது மணி ஐந்து, கன்னத்தில் கோரைப்பாயின் கோடு. இப்படி ஒரு தூக்கம் தூங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். சாதாரணமாக லீவு நாளில் படுத்தால் அந்த 14 வரியும் கண்ணுக்குள் ஓடும், அன்றைக்கு ஓடவில்லை. ஏனென்றால் மிச்சம் இருந்தவை ஒன்று வெயிலுக்குக் காத்திருந்தன, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வரப்போகும் எலெக்ட்ரீஷியனுக்குக் காத்திருந்தன, எனக்காக எதுவும் காத்திருக்கவில்லை.

காணும் பொங்கலுக்கு ஊரே போகிற மாதிரி, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு அணைக்குப் போனோம். கூட்டம், கட்டுச்சாதம், பையன் காணாமல் போய்க் கிடைத்தது எல்லாம் வழக்கம்போல. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பக்கம் சில மதகுகள் இடிந்து போனதல்லவா, அந்தப் பக்கம் கை காட்டி என் வீட்டுக்காரர் "இதுக்கு நம்ம வீட்டு லிஸ்டு எவ்வளவோ தேவலை" என்றார். அந்த ஷோகேஸ் லைட்டை இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எலெக்ட்ரீஷியன் பற்றி. கடைக்கு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரில் ஒருவரை பாய் கைகாட்டுவார். கமிஷன் வாங்குகிறாரா என்று தெரியாது, வாங்கினாலும் நியாயம்தான். கரண்ட் சம்பந்தப்பட்ட எதையும் நீங்கள் தொடாதீர்கள், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள், ஒரே தடவை ஆள் வந்து முடிக்கட்டும் என்று அவர் சொன்னது நல்ல யோசனை. ஃபேன், மாடிப்படி லைட், சூடாகிற பிளக் பாயின்ட், மூன்றையும் சேர்த்து வெள்ளிக்கிழமை 10 மணி என்றோம், 10:20க்கு வந்துவிட்டார். ஃபேனுக்குக் கண்டென்சர்தான், இரண்டரை மைக்ரோஃபாரட் போட்டதும் பழைய வேகம் வந்துவிட்டது. பிளக் பாயின்டில் ஸ்க்ரூ தளர்ந்து ஒயர் கருகியிருந்தது, அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் நடுக்கமாக இருக்கிறது, ஏனென்றால் தாளில் அது 12ஆவது வரி. போகும்போது மெயின் பாக்ஸில் 'டி' என்று எழுதியிருக்கும் பட்டனை அழுத்திக் காட்டினார், டக் என்று வீடு முழுக்க கரண்ட் போனது. மாதம் ஒரு தடவை இப்படி அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அந்த ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற சுவிட்ச்) வேலை செய்யவில்லை என்று அர்த்தம் என்றார். இந்த வீட்டுக்கு வந்து 8 வருடம், நாங்கள் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

சனிக்கிழமை ட்ரில்லிங் மெஷின். கடையில் ஒரு நாள் வாடகைக்குக் கொடுக்கிறார், 150 ரூபாய், 500 ரூபாய் அட்வான்ஸ், பிட் (ஓட்டை போடுகிற முனை) நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு இரண்டு ஓட்டை போடுகிற வீட்டுக்குச் சொந்த மெஷின் எதற்கு. பாடமும் இலவசம். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதே, உள்ளே பைப் போகிறது. திருகு பிடிக்கச் சுவருக்குள் செருகுகிற பிளக் 6 மில்லி என்றால் பிட்டும் 6 மில்லி. அப்புறம் தூளைப் பார்: "முதல்ல வெள்ளையா வரும், அது பூச்சு. அப்புறம் சிவப்பா வந்தா செங்கல், நிம்மதியா போங்க. சாம்பலா வந்து மெஷின் நகராம நின்னா கான்கிரீட், விட்டுட்டுக் கீழ ஒரு ஜாண் தள்ளிப் போடுங்க."

முதல் ஓட்டை கேவலமாக வந்தது. சுத்தியல் படம் போட்ட பக்கம் சுவிட்சைத் திருப்ப மறந்துவிட்டேன், பிட் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் தேய்ந்து, ஒரு கருகல் வாடை வேறு. திருப்பியதும் சத்தம் மாறியது, தட தடவென்று கை முழங்கை வரை அதிர்ந்தது, அப்புறம் சிவப்புத் தூள், அத்தை குங்குமம் மாதிரி இருக்கிறது என்றார்கள். மாமனார் போட்டோ, கடிகாரம், சாவி மாட்டும் பலகை மூன்றும் ஏறின. பூச்சு பெயர்ந்து பெரிதாகிப்போன முதல் ஓட்டையைக் கடிகாரம் மறைக்கிறது.

இப்போது குறைகள். விலை, பெரிய கடைகளைவிடச் சில சாமான்களுக்குக் கொஞ்சம் கூட. பிட் 20 ரூபாய் அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுத் தருவார். ஸ்கேன் பண்ணிக் காசு கட்டலாம், ஆனால் காசு வந்ததைச் சொல்லும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் சத்தம் அவருக்குப் பிடிக்காது, அதனால் ஒவ்வொரு தடவையும் மகனுக்குப் போன் போட்டு "வந்துடுச்சா" என்று கேட்பார், அதற்குள் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள். பேச்சு அதிகம். ஒரு டஜன் திருகு வாங்கப் போனால் 40 நிமிஷம் ஆகும், அவசரம் என்றால் போகவே போகாதீர்கள். கலர் பொருத்தம், டிசைன் குழாய், மாடுலர் சுவிட்ச் வகையறா எதிர்பார்க்காதீர்கள். கொசுவலை விஷயத்தில் அவர் சொன்னது தப்பாகவே போய்விட்டது, ஒட்டுகிற பட்டை இரண்டே வாரத்தில் ஜன்னல் பெயின்டோடு உரிந்து வந்தது, கேட்டதற்கு "துடைச்சு காயவெச்சு ஒட்டினீங்களா" என்று பழியை என்மேல் போட்டார். (துடைத்தேன். காயவைக்கவில்லை.) ஒரு மார்க் குறைத்தது கொசுவலைக்காகத்தான்.

இன்னொரு விஷயம், இது குறையா நிறையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிட்டும் ஒன்றாகக் கேட்டேன், டேங்க் கழுவ ஒன்று, தரைக்கு ஒன்று. எதற்கு எது என்று கேட்டு, இரண்டும் சேர்ந்தால் விஷவாயு வரும், ஒரே நாளில் இரண்டு வேலையும் வைக்காதீர்கள் என்று சொல்லி, அன்றைக்கு ப்ளீச்சிங் பவுடர் மட்டும்தான் கொடுத்தார். ஆசிட்டுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். எனக்கு அப்போது கொஞ்சம் கோபம்தான்.

19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்த்தேன். 14இல் 9 முடிந்தது, ஒன்று பாய் அடித்தது, டைல்ஸ் இடுக்கு உட்பட நாலு பாக்கி. எங்களுக்கு இருப்பது ஒரே பாத்ரூம், இடுக்குக்கு ஒயிட் சிமென்ட் போட்டால் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது, எல்லாரும் ஊருக்குப் போகிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பக்கத்தில் மட்டும் அவர் தனியாக 'ஊ' என்று போட்டிருந்தார். மொத்தச் செலவு, எலெக்ட்ரீஷியன் கூலியும் மெஷின் வாடகையும் சேர்த்து, அந்த ஆப் ஆள் குழாய்க்கு மட்டும் கேட்ட காசைவிடக் கம்மி.

போகிறவர்களுக்கு: பழைய சாமானைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து போட்டோ எடுத்துப் போங்கள், அளவு கண்டுபிடித்துவிடுவார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் தொழுகைக்குப் போய்விடுவார். மற்ற நாளில் 1லிருந்து 4 வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே விளக்கு எரியும், ஆள் இருக்கிறார் என்று நினைத்துத் தட்டாதீர்கள். பைப்புகளுக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில் இருக்கிறது. நான் ஒரு தடவை தட்டிவிட்டேன்.